தக்காளித் தோலில் வடிகட்டிய தண்ணீரைக் குடிக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

"எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பத்து நாளாகக் காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் வருகிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. உயர்நிலை 2 படிக்கும் மகள் பள்ளித் திட்டப்பணிக்காக ஒரு காணொளியைப் பார்த்துத் தக்காளி, ஆரஞ்சு, வாழைப்பழத் தோல்களைக் காயவைத்து அரைத்து, பாட்டிலை அறுத்து, துணி, மணல், தோல் பொடி எல்லாம் போட்டு ஒரு வடிகட்டி செய்தாள். அந்தப் பழுப்புத் தண்ணீரை ஊற்றினோம், பளிச்சென்று இறங்கியது. அவள் அரை கிளாஸ் குடித்தும் பார்த்துவிட்டாள். குப்பைக்குப் போகிற தோல் பயன்படுகிறதே என்று எனக்கும் சந்தோஷம். தினமும் இப்படி வடிகட்டிக் குடிக்கலாமா? அறந்தாங்கி பக்கம் அம்மா வீட்டில் போர் தண்ணீர்தான், அங்கேயும் செய்யச் சொல்லலாமா?"

சகோதரி, வேண்டாம். குடிப்பதற்கு வேண்டாம், இங்கேயும் வேண்டாம், அம்மா வீட்டிலும் வேண்டாம். மகள் குடித்த அரை கிளாஸுக்காகப் பயப்படாதீர்கள், குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் துரு கலந்ததால் ஒன்றும் ஆகிவிடாது. வயிற்று வலியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய், என்ன குடித்தாள் என்பதையும் சொல்லுங்கள். ஆனால் இனிமேல் குடிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லும்போது, அவள் செய்தது முட்டாள்தனம் என்கிற மாதிரி சொல்லிவிடாதீர்கள். அவள் கையில் எடுத்திருப்பது நல்ல விஷயம். இருபது வருடத்துக்கு மேல் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் என்கிற முறையில் சொல்கிறேன், பதின்மூன்று பதினான்கு வயதில் இதைச் செய்து பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று சாயங்காலமே என் சமையலறையில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். இரண்டு கண்ணாடி கிளாஸ், இரண்டிலும் குழாய்த் தண்ணீர். ஒன்றில் மட்டும் ஆரஞ்சுத் தோலை நறுக்கிப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தோலை எடுத்துவிட்டு, இரண்டிலும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற பொடியைத் தூவினேன். குளோரின் இருந்தால் தண்ணீர் ரோஸ் நிறமாகும். தோல் போடாத கிளாஸ் அழகாக ரோஸ் ஆனது. தோல் போட்டது அப்படியே வெறும் தண்ணீராக நின்றது, துளி நிறம் இல்லை. இதே மாதிரி இன்னொரு கிளாஸில் தோலைப் போட்டு மூடாமல் இரண்டு நாள் அடுப்பு மேடையிலேயே விட்டேன், நம்ம ஊர்ச் சூட்டுக்கு மேலே வழவழவென்று ஒரு படலம், கிட்டப் போனாலே புளிச்ச வாடை.

இதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்புகிற தண்ணீரில் குளோரமின் என்கிற கிருமிநாசினி கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது. (மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதற்கென்று மருந்து ஊற்றாமல் புதுத் தண்ணீர் மாற்றினால் மீன் செத்துவிடும்.) சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பி, குழாய், மொட்டை மாடித் தொட்டி என்று எல்லாம் தாண்டி உங்கள் சமையலறைக்கு வந்து சேரும் வரை வழியில் கிருமி வளராமல் காப்பது அதுதான். பழத்தோலில் இருக்கிற சர்க்கரை, சாறு, வைட்டமின் சி எல்லாம் அந்தக் குளோரமினைத் தின்று தீர்த்துவிடும். அது போனபிறகு, காவல் இல்லாத தண்ணீர், அதோடு கிருமிக்குத் தீனியாகத் தோலின் சத்து. நீங்கள் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டு நல்ல தண்ணீரைத்தான் கெடுக்கிறீர்கள்.

அப்படியானால் பழுப்பு எப்படிப் போனது என்று கேட்பீர்கள். போனது உண்மைதான், ஆனால் அதைப் போக்கியது பெரும்பாலும் துணியும் மணலும். காலையில் மட்டும் வந்து பிறகு நின்றுவிடுகிற பழுப்பு அநேகமாக இரும்புத் துரு, ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் அசையாமல் நின்ற தண்ணீரில் சேர்ந்தது. துரு கரைந்த பொருள் இல்லை, மெல்லிய தூள். தூளைத் துணியே பிடித்துவிடும். மகளிடம் சொல்லி, தோல் பொடியைக் கொட்டிவிட்டுத் துணி, மணலோடு மட்டும் அதே தண்ணீரை மறுபடி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அதே தெளிவு வரும்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் குடிக்க ஏற்றதும் ஒன்று என்று நினைப்பது படித்தவர்களிடமும் இருக்கிற பழக்கம். சாதாரணமாக வயிற்றைக் கெடுக்கிற பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவுதான் இருக்கும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணலுக்கு இடையே இருக்கிற சந்து அதற்குச் சாலை மாதிரி. வைரஸ் அதைவிட எத்தனையோ மடங்கு சிறிது.

சரி, தோல் சும்மாவா? இல்லவே இல்லை. இதை எழுத எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது, ஏனென்றால் இந்த வேலையில் ஒரு நல்ல பகுதி நம் ஊரிலேயே நடந்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியர் சுரேஷ் வலியவீட்டிலும் அவரிடம் ஆய்வு செய்த ராமகிருஷ்ணா மல்லம்பாட்டியும் 2012, 2013 வாக்கில் தக்காளித் தோலையும் ஆப்பிள் தோலையும் வைத்துத் தண்ணீரிலிருந்து உலோகங்கள், சாயங்கள், பூச்சிமருந்து போன்றவற்றை எடுத்துக் காட்டினார்கள். பிரேசிலில் 2011இல் வாழைப்பழத் தோலை அரைத்து, பரானா ஆற்றுத் தண்ணீரில் ஈயத்தையும் செம்பையும் பிடித்துக் காட்டினார்கள், அதே தோலைப் பதினொரு தடவை வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. உங்கள் மகள் பார்த்த காணொளி இந்த மாதிரி ஆய்வு ஒன்றிலிருந்துதான் கிளம்பியிருக்கும். வழியில் "உலோகத்தைப் பிடிக்கும்" என்பது "தண்ணீரைச் சுத்தமாக்கும்" என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றில்லை.

பிடிப்பது எப்படி என்றால், தோலில் பெக்டின், செல்லுலோஸ் என்று நார்ப்பொருள்கள் இருக்கின்றன. ஜாம் கெட்டியாவது பெக்டினால்தான். இவற்றின் மேற்பரப்பு சாதாரணத் தண்ணீரில் எதிர் மின்னூட்டத்தோடு இருக்கும். கரைந்த ஈயம், செம்பு எல்லாம் நேர் மின்னூட்டம் உள்ளவை. நேரும் எதிரும் இழுத்துக்கொள்ளும், உலோகம் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் பரப்புக் கவர்தல் என்று போட்டிருப்பார்கள். ஸ்பாஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது போல இல்லை, சேலை முந்தானையில் பஞ்சு ஒட்டுவது போல மேலேயே ஒட்டுவது.

இதே காரணத்தால் சில பொருளை அது தொடவே தொடாது. ஆர்சனிக், ஃபுளூரைடு, குரோமேட் எல்லாம் தண்ணீரில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டத்தோடு திரிபவை, அல்லது மின்னூட்டமே இல்லாமல் இருப்பவை. எதிரும் எதிரும் விலகிப் போகும். அதனால்தான் நம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிள் தோலை அப்படியே போடாமல், சிர்கோனியம் ஆக்சைடு ஏற்றி அதன் குணத்தை மாற்றிப் பிறகு பயன்படுத்தினார்கள். தக்காளித் தோலையும் ஆல்கஹாலில் ஊறவைத்து, கரைகிறதையெல்லாம் கரையவிட்டு, காயவைத்த பிறகுதான் தண்ணீரில் போட்டார்கள். ஈரச்சந்தையில் வாங்கிய ஆரஞ்சின் தோல் அப்படிக் கழுவப்பட்டதில்லை, அதன்மேல் மெழுகு இருக்கலாம், தெளித்த மருந்தின் மிச்சமும் இருக்கலாம். இன்னொன்று, ஈயத்தைப் பிடித்த தோல் இப்போது ஈயம் உள்ள குப்பை, அதை எரு தொட்டியில் போட முடியாது. இதைக் காணொளிகளில் யாரும் சொல்வதில்லை.

சமையலறைக் கழிவு குடிநீருக்கே உதவாது என்று எழுதிவிட்டால் அதுவும் தப்பாகிவிடும். நீங்கள் துருவிவிட்டுத் தூக்கிப் போடுகிற கொட்டாங்குச்சி இருக்கிறதே, கடையில் வாங்குகிற பல வடிகட்டிகளுக்குள் கறுப்பாக இருப்பது அதுதான். முதலில் கரியாக்கி, பிறகு 800, 900 டிகிரிச் சூட்டில் நீராவி பாய்ச்சி உள்ளுக்குள் கோடிக்கணக்கான நுண்துளைகளைத் திறந்துவிடுகிறார்கள். அப்படித் தயாரித்த ஒரு கிராம் கரியின் உள்பரப்பைப் பிரித்து விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் வரும், வீவக நாலறை வீடு பத்து பன்னிரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு, ஒரு சிட்டிகைக் கரியில். ஆனால் அது உலைக்களத்து வேலை. வீட்டு அடுப்பில் சுட்ட கரிக்கு அந்தத் துளைகள் வராது, அதனால் அதையும் முயற்சி செய்ய வேண்டாம்.

இப்போது உங்கள் குழாய். நான் உங்கள் வீட்டில் இருந்திருந்தால் வடிகட்டியைத் தொடுவதற்கு முன் இதைத்தான் பார்த்திருப்பேன். நாளைக் காலையில் சமையலறைக் குழாயில் முதல் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள், அப்புறம் குளியலறைக் குழாயில் இன்னொன்று. ஒரு குழாயில் மட்டும் பழுப்பு என்றால் குழாய் நுனியில் இருக்கிற சின்ன வலையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், துருவும் மணலும் அடைத்திருக்கும், பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினாலே சரியாகிவிடலாம். சுடுதண்ணீரில் மட்டும் என்றால் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள். வீடு முழுக்க என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படித்தான் என்றால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினையே இல்லை, புளோக்கின் தொட்டி, பம்பு, அல்லது வெளியே நடக்கிற குழாய் வேலை. உயர மாடிகளுக்கு மொட்டை மாடித் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது, அந்தத் தொட்டியை வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்துச் சுத்தம் செய்து சான்று வாங்க வேண்டும் என்பது சட்டம். நகர மன்றத்துக்குத் தேதி, நேரம், கிண்ணத்தின் படம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் சொல்லுங்கள். பத்து நாள் என்பது பொறுத்துக்கொண்டு இருக்கிற விஷயம் இல்லை. பத்து நாளாகத் துருத் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதைவிட ஒரு மின்னஞ்சல் நல்லது.

அதுவரைக்கும், காலையில் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுத் தெளிந்தபிறகு குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். ஓடவிட்டதை வீணாக்க வேண்டாம், வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள், தரை துடையுங்கள், செடிக்கு விடுங்கள், துருவால் செடிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வெள்ளைத் துணி துவைக்காதீர்கள், கறை பிடித்தால் போகாது. அப்புறம், அந்த வாளியை அன்றைக்கே காலி செய்து கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். பாட்டில் வடிகட்டியின் அடியில் நிற்கிற தண்ணீரும் இதில் சேர்த்திதான், பள்ளிக்கூட வேலை என்று தாழ்வாரத்தில் வைத்து மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் "குழாய்த் தண்ணீரை நம்பலாமா" என்று ஒரு வரி இருந்தது. நம்பலாம். இங்கே குழாயில் வருவது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவுகளுக்குள் இருக்கிறது, கொதிக்க வைக்காமலே குடிக்கலாம், நான் அப்படித்தான் குடிக்கிறேன். ஆயிரம் லிட்டர் சுமார் 3.24 வெள்ளி, அரைக் காசுக்கும் குறைவாக ஒரு லிட்டர். வடிகட்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்று வீட்டு வாசலில் வந்து சொல்பவர்கள் மகள் வைத்திருக்கிற துருத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தலாம், பயப்படாதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் உள்ளே இருக்கிற வடிகட்டும் குழலை (கார்ட்ரிட்ஜ்) சொன்ன காலத்தில் மாற்றுங்கள், மாற்றாத வடிகட்டியும் பழத்தோல் மாதிரிதான், கிருமிக்கு வீடு.

மகளின் திட்டப்பணியை நிறுத்த வேண்டாம், திருப்பிவிடுங்கள். அவளுக்கு ஒரு யோசனை. அலங்கார மீன் கடைகளில் மெத்திலீன் நீலம் என்று ஒரு மருந்து கிடைக்கும், மீனுக்குப் பூஞ்சை வந்தால் போடுவது. அதில் ஒரு சொட்டு ஒரு பெரிய ஜாடித் தண்ணீரில் கலக்கினால் இளநீலமாக இருக்கும். இன்னொரு ஜாடியில் கேக்குக்குப் போடுகிற நீலச் சாயம், அதே அளவு நீலம் வருகிற மாதிரி. இரண்டிலும் காயவைத்த, பலமுறை வெந்நீரில் கழுவி மறுபடி காயவைத்த ஆரஞ்சுத் தோல் பொடி ஒவ்வொரு கரண்டி போட்டு, கலக்கி, ஒரு மணி நேரம் விட்டு, வடிகட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்திலீன் நீலம் நன்றாக வெளிறிப் போயிருக்கும், பொடி நீலமாகியிருக்கும். கேக்குச் சாயம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்தான், ஆனால் முதலாவது நேர் மின்னூட்டம் உள்ள சாயம், இரண்டாவது எதிர். நான் மேலே சொன்ன ஈயமும் ஃபுளூரைடும் கதை அப்படியே அவள் மேசைமேல் நடக்கும். ஒவ்வொரு நீலத்துக்கும் தோல் போடாத ஜாடி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. கையுறை போடட்டும், மெத்திலீன் நீலம் விரலில் பட்டால் ரெண்டு மூணு நாளைக்குப் போகாது, பள்ளிச் சட்டையில் பட்டால் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். எந்த ஜாடியையும் யாரும் குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம்.

அம்மா வீட்டுக்கு வருகிறேன். போர் தண்ணீர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அதில் என்ன குறை என்று எழுதவில்லை. உப்புக் கரிக்கிறது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால் எந்தத் தோலும் எந்தக் கொட்டையும் ஒன்றும் செய்யாது. உப்பை எடுக்கச் சவ்வு வைத்த இயந்திரம்தான் (ஆர்ஓ) வேண்டும். இறைத்தவுடன் தெளிவாக இருந்து, குடத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் செம்மஞ்சளாக மாறுகிறது என்றால் கரைந்த இரும்பு. காற்றுப் பட்டதும் துருவாகிறது. உயரத்திலிருந்து ரெண்டு மூணு தடவை குடத்துக்குக் குடம் ஊற்றி, ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலே உள்ளதை மடித்த துணியில் வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும். இரும்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் இதற்கு மேல் வேண்டியதில்லை.

கலங்கல் என்றால் அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அதுதான். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். சேறு தண்ணீரில் மிதந்துகொண்டே இருப்பது அதன் துகள்கள் எல்லாம் எதிர் மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால். முருங்கை விதையின் புரதம் நேர் மின்னூட்டம் உள்ளது, துகள்களைச் சேர்த்துக் கட்டி அடியில் இறக்கிவிடும், கிருமியிலும் கணிசமான பங்கை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் எல்லாக் கிருமியையும் இல்லை, விதையின் சத்து தண்ணீரில் தங்குவதால் நாள் கடத்தி வைத்தால் மறுபடி வளரும். ஆகவே அன்றன்றைக்குத் தெளியவைத்து, தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்துக் குடிக்கட்டும். நம் பாட்டிமார் தெளியவைத்ததோடு நிறுத்தினார்கள் என்றால் அவர்களுக்குக் கிருமி தெரியாது, நமக்குத் தெரியும்.

ஃபுளூரைடு இருந்தால் நிறமும் இல்லை, வாடையும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் பல வருடம் குடித்தால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். இதைச் சோதனை செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, கட்டணம் கட்டிக் கொடுத்தால் பார்த்துத் தருவார்கள். உங்கள் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ யாரையாவது அனுப்புங்கள். மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் கூடத்திலேயே தருகிற கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முடிவுத் தாள் வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எண்களைப் பார்த்து அம்மாவுக்கு என்ன வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா என்று எழுதுகிறேன்.